அறுபதுக்குப் பிறகு கனவுக் கார்: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும் செய்ய வேண்டியவை

பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன், பெற்றோர் மருத்துவம் எல்லாம் முடியட்டும் என்று ஒரு காரைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்து, இப்போது எல்லாம் முடிந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நின்றவன்தான். பழைய கார் வாங்குவது பற்றிக் கிடைத்த ஆலோசனை எல்லாம் முப்பது வயதுக்காரரை நினைத்துச் சொன்னதாக இருந்தது. முதுமை பற்றிய ஆலோசனைகளிலோ காருக்கு இடமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் தட்டுத் தடுமாறித்தான் வழி கண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஆசை, உடம்பு, பணம், அதற்கு அப்புறம்தான் கார். பெரும்பாலானோர் விளம்பரத்தில் ஒரு காரைப் பார்த்து மயங்கி, மற்ற மூன்றையும் அதற்கேற்ப வளைக்கிறார்கள். முழு வேலைக்கும் நான்கிலிருந்து ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

1. ஆசை எதன் மேல் என்று பிரித்துப் பாருங்கள்

"அந்தக் கார் வேண்டும்" என்பதற்குள் நான்கு வேறு ஆசைகள் ஒளிந்திருக்கும். அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது என் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அதில் ஒரு நீண்ட பயணம் போக வேண்டும். அதைக் கையால் பழுதுபார்த்து உயிர்ப்பிக்க வேண்டும். உங்களுடையது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். செலவு இந்த இடத்தில்தான் பத்து மடங்கு வித்தியாசப்படும்.

ஓட்டிப் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். பயணம்தான் ஆசை என்றால் ஒரு வார வாடகை. வாசலில் நிற்க வேண்டும் என்றால்தான் வாங்க வேண்டும். அப்போதும் முதலில் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு வாருங்கள். நாற்பது ஆண்டு ஆசை சிலருக்கு அந்த ஒரு நாளிலேயே நிறைந்துவிடுகிறது. நிறைந்தால் அது நிறைவுதான், அதில் குறை ஒன்றும் இல்லை.

நான்காவது ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பிரித்துப் போட்ட காரை, "கொஞ்சம்தான் வேலை பாக்கி" என்று சொல்லப்படும் காரை, அறுபதுக்கு மேல் வாங்காதீர்கள். ஒரு காரை முழுதாகப் புதுப்பிக்க வருடக் கணக்கில் ஆகும். கிடைக்காத ஒரு ரப்பர் பட்டைக்காக மாதங்கள் போகும். ஓடுகிற நிலையில் உள்ள காரை வாங்கி, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். கை வேலையும் நடக்கும், காரும் ஓடும்.

கார் ஓட்டவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. பக்கத்து இருக்கையும் காருக்குள்தான் இருக்கிறது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய வடக்குச் சுற்று உண்டு. அதுபோன்ற பந்தயத் தடங்களில் தேர்ந்த ஓட்டுநர் ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து வரும் ஏற்பாடுகள் இருக்கின்றன. இதய நோய், கழுத்து எலும்பு, முதுகுத் தண்டு பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

2. உடம்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. பணம் சேரும்வரை பொறுக்கலாம், முழங்கால் பொறுக்காது.

ஸ்போர்ட்ஸ் கார் எதுவாக இருந்தாலும் இருக்கை தாழ்வாக இருக்கும். உள்ளே விழுந்து உட்கார்ந்துவிடலாம், வெளியே வருவதுதான் பாடு. ஏறும்போது முதலில் காருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இறங்கும்போது அதையே தலைகீழாகச் செய்யுங்கள். இதைத் தொடர்ந்து ஐந்து முறை செய்யுங்கள். பிறகு பத்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு ஆறாவது முறை இறங்குங்கள். அந்த ஆறாவது முறைதான் உண்மையைச் சொல்லும். இரண்டு கதவு கார்களில் கதவு நீளமாக இருக்கும். குறுகிய இடத்தில் நிறுத்தினால் பாதிதான் திறக்கும். அந்தப் பாதிக் கதவில் இறங்கிப் பார்த்தீர்களா? கதவின் விளிம்பு தோளை இடிக்க, ஒரு கை கூரையைப் பிடிக்க, இன்னொரு கை இருக்கையை ஊன்ற, கால் தரையைத் தேடும். விற்பவர் முன்னால் வெட்கப்படாமல் இதைச் செய்துபாருங்கள்.

அடுத்தது கிளட்ச். பழைய சக்திவாய்ந்த கார்களில் கிளட்ச் கனமாக இருக்கும். காலியான சாலையில் அது தெரியாது. நெரிசல் நேரத்தில் அரை மணி நேரம் ஓட்டினால்தான் இடது முழங்கால் பேசும். பவர் ஸ்டீயரிங் இல்லாத கார் என்றால் நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், தோள்பட்டைக்குத் தெரிந்துவிடும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். திறந்து மூடும் கூரை உள்ள கார்களில், கூரையை மூடியிருக்கும்போது, பின்பக்கத் தூண் அகலமாக இருந்து பார்வையை மறைக்கும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையில் விழும் வெளிச்சம் இருபது வயதில் விழுந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பழைய காரின் முகப்பு விளக்கோ இன்றைய கார்களை விட மங்கல். இரண்டும் சேர்ந்தால் இரவுப் பயணம் ஆபத்து. கண்புரை இருந்தால் எதிரே வரும் விளக்கு சிதறித் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு இது நன்றாகவே சரியாகும். ஆகவே கண்புரை சிகிச்சை பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுக் காரைத் தேடுங்கள். கண் அழுத்த நோய் பக்கப் பார்வையை ஓசையில்லாமல் தின்றுவிடும், பரிசோதித்தால்தான் தெரியும். ஒவ்வாமை மாத்திரை, தூக்க மாத்திரை, சில வலி மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும். உங்கள் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டி, கார் ஓட்டலாமா என்று நேராகக் கேளுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பல நாடுகளில் குறிப்பிட்ட வயதுக்கு மேல் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும், காலமும் குறைத்துத் தருவார்கள். உரிமம் முடிய ஆறு மாதமே இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

3. பணத்தை வகை பிரியுங்கள்

வீட்டில் பேசாமல் இந்தப் படிக்கு வராதீர்கள். துணைவரோ துணைவியோ கேட்கப்போகும் முதல் கேள்வி, "நாளைக்கு ஆஸ்பத்திரி செலவு வந்தால்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பதிலை எண்ணாக வைத்திருங்கள்: மருத்துவத்துக்கு இவ்வளவு, இரண்டு வருடக் குடும்பச் செலவுக்கு இவ்வளவு, இவற்றைத் தொடாமல் மீதி இவ்வளவு. அந்த மீதிக்குள் அடங்கினால் மட்டும் மேலே போகலாம். ஓய்வூதியத்தை நம்பிக் கடன் வாங்கிக் கனவுக் கார் வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மீதியிலும் முழுத் தொகைக்குக் கார் பார்க்காதீர்கள். முக்கால் பங்குக்குப் பாருங்கள். மீதிக் கால் பங்கு முதல் வருடச் செலவுக்கு. பதிவு மாற்றக் கட்டணம், வரி, காப்பீடு, டயர், பெல்ட், ஆயில் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஒரு காலத்தில் மிக விலையுயர்ந்த கார் இன்று சாதாரணப் புதுக் காரின் விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதன் உதிரி பாகமும் கூலியும் பழைய உயர்ந்த விலைக்கு ஏற்றபடியேதான் இருக்கும். ஃபெராரி எஃப்355 காரில், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். கார் ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பெல்ட்டுக்கு வருடக் கணக்கு உண்டு. எனவே விலையைக் கேட்கும் முன், அந்த மாடலின் பெரிய சர்வீசுக்கு என்ன ஆகும் என்று அதில் பழகிய மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

காப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே விசாரியுங்கள். பழைய, அரிய கார்களுக்குச் சந்தை மதிப்புக் காப்பீடு எடுத்தால், விபத்துக்குப் பின் அவர்கள் சொல்வதுதான் மதிப்பு. முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்கும் காப்பீடு கிடைத்தால் அதையே எடுங்கள். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு வைத்தால் தவணை குறையும். உங்கள் வயதைச் சொல்லி எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். வாயால் சொன்ன தொகை பிறந்த தேதியைப் பார்த்ததும் மாறலாம்.

4. மாடலையும் ஆண்டையும் குறியுங்கள்

கனவில் வந்த மாடலின் எல்லா வருடமும் ஒன்றல்ல. ஒவ்வொரு மாடலுக்கும் ஊரறிந்த ஒரு நோய் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வெற்றி. 1997க்குப் பின் வந்த 996 தலைமுறை போர்ஷே 911, அதே காலத்து பாக்ஸ்டர் கார்களில் எஞ்சினுக்குள் இருக்கும் இடைத் தண்டின் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். அது மாற்றப்பட்டதா என்று ரசீது கேட்க வேண்டும். 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் எஞ்சின் உழைக்கும், பின் சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி துருப்பிடிக்கும். இ46 வரிசை பிஎம்டபிள்யூவில் பின் அச்சு மாட்டியிருக்கும் இடத்தில் பாடித் தகடு விரிசல் விடும். பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 எஞ்சின் எத்தனை லட்சம் கிலோமீட்டரும் தாங்கும், ஜாக்கி வைக்கும் இடத்தை மட்டும் துரு தின்னும்.

அதிகம் விற்ற, இன்றும் உதிரி பாகம் கிடைக்கிற மாடலையே எடுங்கள். அரிய வகை என்று பெருமைப்படலாம், கண்ணாடி உடைந்தால் அந்தப் பெருமை ஆறு மாதம் கொட்டகையில் நிற்கும். ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் உள்ள தலைமுறை கிடைத்தால் அதுவே மேல். நம் எலும்பு முன்பு மாதிரி இல்லை.

5. ஆவணங்கள்: காரைப் பார்க்கும் முன்பே கேளுங்கள்

தொலைபேசியில் பேசும்போதே இவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: பதிவுச் சான்று, விற்பவரின் அடையாள அட்டை, நடப்புக் காப்பீடு, சர்வீஸ் புத்தகம், ரசீதுகள். தயங்குகிறவரிடம் பயணச் செலவு செய்து போக வேண்டாம்.

பதிவுச் சான்றில் உள்ள பெயரும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "மச்சான் பேரில் இருக்கு, அவர் வெளிநாட்டில்" என்றால் அந்த மச்சான் வரும்வரை காத்திருங்கள். உரிமையாளர் இறந்து வாரிசு விற்பதாக இருந்தால், காரின் பதிவு முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும். இதில் இரக்கம் காட்டி அவசரப்பட்டால் பதிவு அலுவலகத்தில் நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

சேசிஸ் நம்பரைச் சான்றில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 1981க்குப் பிறகு வந்த கார்களில் பொதுவாக 17 இலக்கம் இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. வந்திருந்தால் தகட்டை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். காரின் மீது கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா, விபத்தில் முழுச் சேதம் என்று கழிக்கப்பட்டதா என்று உங்கள் நாட்டில் எந்த அலுவலகம் சொல்லுமோ அங்கே கட்டணம் கட்டிப் பாருங்கள். சிறிய தொகைதான். கடன் இருந்து அடைத்துவிட்டார் என்றால் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்று அசலாக வேண்டும்.

ஓடோமீட்டரை நம்பாதீர்கள், ரசீதை நம்புங்கள். ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். தேதி வரிசையில் அடுக்குங்கள். எண் ஓரிடத்தில் இறங்கினால் பேச்சு முடிந்தது.

6. நேரில் பார்க்கும் நாள்

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் போங்கள். ஈரம் பெயின்டின் குறையை மறைக்கும். "நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் முதல் வேலை, வணக்கம் சொன்ன கையோடு பானெட்டைத் தொட்டுப் பார்ப்பது. நான் பார்க்கப் போன ஒரு காரில் பானெட் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் என்றார் விற்றவர். கார் நின்றிருந்ததோ நிழலில். குனிந்து சைலன்சர் குழாய்க்கு அருகில் கையைக் கொண்டுபோனேன், சூடு அடித்தது. குளிர்ந்த எஞ்சின் முதலில் கிளம்பும்போது விடுகிற புகையும் சத்தமும்தான் அதன் உண்மையான உடல்நிலை. அதை மறைக்கவே சூடாக்கி வைக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

புகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குளிரில் சற்று நேரம் வந்து மறையும் வெள்ளை ஆவி சாதாரணம். சூடான பிறகும் தொடரும் வெள்ளைப் புகை என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது, எஞ்சின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் மிகையாகப் போகிறது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. குறைவாக ஓடிய கனவுக் கார்களில் டயர் பட்டன் நன்றாக இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். பத்து வருடம் தாண்டிய டயரை, பார்க்க எப்படி இருந்தாலும், மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போய் கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, சில் பகுதிகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி போட்டு மெழுகியிருக்கிறார்கள். அலுமினியம், ஃபைபர் பாடி கார்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

7. வெளி மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்

விற்பவர் பரிந்துரைக்கும் ஆள் வேண்டாம், அந்த மாடலில் பழகிய வேறு ஆளுக்குக் கூலி கொடுங்கள். அரை நாள் வேலை. காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் காம்பிரஷன் டெஸ்ட் (உள்ளே அழுத்தம் சரியாக நிற்கிறதா என்ற சோதனை) எடுக்க வேண்டும், பெயின்ட் கனத்தை அளக்க வேண்டும். தொழிற்சாலை பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 400 காட்டினால் அங்கே மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

1990களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த கார் என்றால், காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டலாம். "பிழை எதுவும் இல்லை" என்று காட்டினால் உடனே மகிழ வேண்டாம். நீங்கள் வரும் முன் பிழைகளை அழித்திருக்கலாம். அழித்திருந்தால், காரின் தன்சோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று அதே ஸ்கேனர் காட்டும். அந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக் தரும் குறைகளை எழுத்தில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் செலவு போட்டு, அந்தத் தாளை வைத்துப் பேரம் பேசுங்கள். திறந்த கூரைக் கார் என்றால் குளிர் காலத்தில் பேசுங்கள், அப்போது கேட்பவர் குறைவு.

8. பணமும் கைமாற்றமும்

முன்பணம் சிறிதாக, ரசீதோடு. "முன்பணம் அனுப்பினால்தான் காரைக் காட்டுவேன்" என்பவர் ஏமாற்றுக்காரர். முழுப் பணத்தை வங்கி வழியாக, இருவரும் நேரில் இருக்கும்போது, படிவங்களில் கையெழுத்தான பிறகு அனுப்புங்கள். அன்றைய கிலோமீட்டர், நேரம், தேதி மூன்றையும் விற்பனைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காப்பீடு உங்கள் பெயரில் தொடங்கும் நேரத்துக்கு முன் சாவியைத் திருப்பாதீர்கள்.

9. முதல் மாதம்

எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள், முந்தையவர் நேற்று மாற்றியதாகச் சொன்னாலும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஓடாத காருக்கும்தான். டைமிங் பெல்ட்டுக்கு ரசீது இல்லையென்றால் அது மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே நிறுத்திக் குழாயைப் பாருங்கள்.

பிறகு ஓட்டுங்கள். உறை போட்டு மூடி, விசேஷ நாளுக்கென்று வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிற்கிற காரில் பேட்டரி இறங்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், பெட்ரோல் கெடும், ரப்பர் சீல்கள் காயும். ஊருக்குப் போவதாக இருந்தால் பேட்டரியைக் காக்கும் சார்ஜரை மாட்டிவிட்டுப் போங்கள்.

10. கோப்பு, இரண்டாவது சாவி, உயில்

நம் வயதில் இந்தப் படியை விடக்கூடாது. ஒரு கோப்பில் பதிவுச் சான்று, விற்பனைத் தாள், காப்பீடு, எல்லா ரசீதுகள், மெக்கானிக்கின் எண் ஆகியவற்றை வையுங்கள். இரண்டாவது சாவி எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். காரைக் கிளப்புவது எப்படி, பேட்டரியைக் கழற்றுவது எப்படி என்று ஒரு தாளில் எழுதி அதே கோப்பில் சொருகுங்கள்.

உயிலில் காரைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பிள்ளைகளிடம் "வேண்டுமா?" என்று இப்போதே கேளுங்கள். வேண்டாம் என்றால் மனம் வருந்தாதீர்கள், அவர்கள் கனவு வேறாக இருக்கும். அப்படியானால் யாரிடம், சுமார் எந்த விலைக்கு விற்கலாம் என்றும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் முதலில் வரும் தரகர் பாதி விலைக்கு எடுத்துப் போவார். நீங்களே விற்க நினைக்கும் காலம் வந்தால், பெரிய சர்வீஸ் முடிந்த கையோடு, கார் ஓட்டத்தில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். ஒரு வருடம் நின்றுபோன காருக்கு விலை கேட்கிறவர், நின்ற காலத்துக்கும் சேர்த்துக் கழிப்பார்.